பாப்பாவுக்கு வரப்போகும் பேட்

ராஜபாளையம்
சனிக்கிழமை, இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. போனில் உன்னிடம் எதைச் சொன்னாலும் மூன்றாவது வாக்கியத்திலேயே “சரிக்கா, சரிக்கா” வந்துவிடுகிறது. காதைக் கழற்றி வைத்துவிட்டாய் என்று அதற்கு அர்த்தம். நீ டவுசர் போட்ட காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதம். பாப்பா இங்கே பாயில் குறுக்கே படுத்துத் தூங்குகிறாள். நாளைக் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது இதை அவள் பைக்குள் வைத்து அனுப்புகிறேன்.

விஷயம் அவளுக்கு வரப்போகும் பேட்.

சாயங்காலம் சுண்டல் தின்றுகொண்டே சொன்னாள். அவள் தாய்மாமன் அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து வருகிறாராம். “மருமகளுக்கு என்ன வேண்டும்” என்று கேட்டாராம். இவள் சாஃப்ட்பால் பேட் என்றாளாம். தாய்மாமன் சீர் இப்படியும் வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். “என்ன சைஸ்” என்று அவர் கேட்டபோது நீ போனை வாங்கி, “வளர்ற புள்ள, பெருசாவே வாங்கிருங்க, 34 இன்ச், ப்ளஸ் டூ வரைக்கும் வரணும்” என்று சொல்லிவிட்டாயாம். கேட்டதும் சுண்டல் எனக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பி.டி. டீச்சராக வெயிலில் நின்றவள் ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே உனக்கு?

34 எங்கிருந்து வந்தது என்றும் கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிக்கூட பேட்டின் கைப்பிடிப் பக்கம் அந்த எண் போட்டிருக்கிறது. அதுதான் முறையான அளவு என்று நினைத்துக்கொண்டாய். சாஃப்ட்பால் சட்டப்படி பேட் 34 இன்ச்சுக்கு மேல் நீளம் இருக்கக் கூடாது, 38 அவுன்ஸுக்கு மேல் எடை இருக்கக் கூடாது, பருத்த இடத்தில் குறுக்களவு இரண்டேகால் இன்ச்சைத் தாண்டக் கூடாது. எல்லாமே “கூடாது”தான். ரோட்டில் 80 என்று போர்டு வைத்திருக்கிறான் என்பதற்காக உன் டிவிஎஸ் 50-ஐ யாராவது 80-இல் ஓட்டுவார்களா?

உங்கள் வீட்டில் இன்னொரு கேள்வியும் ஓடுகிறதாம். பொம்பளப் பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு, பேரே கேள்விப்பட்டதில்லையே என்று உன் மாமியார் முனகினாராம். அவரிடம் சொல்: 1996-லிருந்து 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்தது, அதுவும் பெண்களுக்கு மட்டும். கொரோனாவால் தள்ளிப்போய் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார்கள், ஜப்பான் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடியும் வருகிறது. பிறந்த கதை அவருக்கு இன்னும் பிடிக்கும். 1887-இல் சிகாகோவில் ஒரு படகு கிளப் கட்டடத்துக்குள் சும்மா கூடியிருந்தவர்கள் குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்து ஆரம்பித்ததுதான் சாஃப்ட்பால். துடைப்பக் கட்டையில் பிறந்த ஆட்டம் பொம்பளைகளுக்கு ஆகாது என்று யார் சொல்வது?

இனி இன்று எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுடைய டீச்சர் நல்ல மனசுக்காரி, சனி ஞாயிறுக்கு பேட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். நான் ஒரு பழைய சாக்ஸில் டென்னிஸ் பந்தைப் போட்டு, வேப்பமரக் கிளையிலிருந்து அவள் இடுப்பு உயரத்துக்குத் தொங்கவிட்டேன். பத்து முறை அடிக்கச் சொன்னேன். மூன்றுதான் பட்டது. நான் பட்டதை எண்ணவில்லை, படாத ஏழைத்தான் பார்த்தேன். ஏழு முறையும் பேட் பந்துக்குக் கீழேயே போனது. தோளுக்குப் பின்னால் பேட்டை நிமிர்த்திப் பிடித்து நிற்கிறாள், அதுவரை சரி. வீச ஆரம்பித்ததும் பேட்டின் தலை கனத்துத் தொங்கிவிடுகிறது. அதை இழுத்து வருவதற்காக முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்கிறாள், இடுப்பு பின்னால் போகிறது, கடைசியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அரைச் சுற்று சுற்றி நிற்கிறாள். அவள் பேட்டைச் சுழற்றவில்லை, பேட் அவளைச் சுழற்றுகிறது. அடுக்களைத் தராசில் வைத்துப் பார்த்தேன். எண்ணூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்புறம் கொல்லையில் கிடந்த பழைய மண்வெட்டிக் காம்பை 29 இன்ச்சுக்கு அறுத்தேன். ஒரு முனையில் துணியைச் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டி, தராசு 510 கிராம் காட்டும் வரை துணியைக் கூட்டினேன். அதே பந்து, அதே பத்து முறை. எட்டு பட்டது. இரண்டு சாக்ஸ் நாசம். “எப்படிடா இருக்கு?” என்றேன். “அடிச்சப்புறம் நான் நிறுத்துனா நிக்குது அத்தை” என்றாள். எத்தனையோ பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன், பேட் அளவைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு உன்மேல் கோபமில்லை. இது நம் வீட்டுப் பழக்கம். அம்மா எனக்குப் பள்ளிக்கூடப் பாவாடை தைக்கக் கொடுக்கும்போது அடியில் மூன்று மடிப்பு வைக்கச் சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரிப்போம். ஒன்பதாம் வகுப்பு வருகிற வரைக்கும் ஒரே பாவாடை, பிரித்த இடத்தில் மட்டும் புதுத் துணி நிறத்தில் கோடு கோடாக நிற்கும். உனக்கு வாங்கிய செருப்பில் முன்னால் பஞ்சு அடைத்துக் கொடுத்தாள். அப்பாவின் மில் சம்பளத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் பேட்டில் மடிப்பு வைத்துத் தைக்க முடியாது, தம்பி. மூன்று வருஷம் கழித்து அவளுக்குப் பொருந்தப்போகிற பேட்டை இப்போதே கொடுத்தால், இந்த மூன்று வருஷமும் அவள் தப்பாக வீசிப் பழகுவாள். பேட் பொருந்துகிற நாளில் கை கெட்டுப்போயிருக்கும். இல்லையென்றால் அதற்குள் டீமிலேயே இருக்க மாட்டாள், அதுதான் பெரும்பாலும் நடக்கும்.

சச்சின் மட்டும் அண்ணன் அஜித்தின் பெரிய பேட்டை வைத்து ஆடவில்லையா என்று கேட்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. ஆடினார். அந்தக் கனத்தைச் சமாளிக்கத்தான் கைப்பிடியை அடியில் இறக்கிப் பிடித்துப் பழகினார், கடைசிவரை அந்தப் பிடி அவரை விடவே இல்லை. அதையும் வைத்துக்கொண்டு அவர் ஜெயித்தது அவர் சச்சின் என்பதால். நம் பிள்ளைக்கு அந்தச் சோதனை எதற்கு?

நீ டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் புலி என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் இந்தத் தப்பும் வருகிறது. கிரிக்கெட் பேட் ஒன்றே கால் கிலோ இருக்கும், பிள்ளைகளும் ஒரு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள், இது என்ன அரைக் கிலோ பொம்மை என்று தோன்றும். கிரிக்கெட்டில் பேட்டைத் தரையில் ஊன்றி நிற்கலாம். பெரும்பாலான அடிகளில் மேலே தூக்கிக் கீழே இறக்குகிறாய், பாதி வேலையை பேட்டின் கனமே செய்துவிடும். பந்து பிட்சாகி வரும், 22 கெஜம் தாண்டி வரும், வேண்டாத பந்தை விட்டுவிட்டு நாள் முழுக்க நிற்கலாம். சாஃப்ட்பாலில் பேட்டைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே காத்திருக்க வேண்டும். அங்கிருந்து அந்தரத்திலேயே குறுக்காகக் கொண்டுவர வேண்டும், முழுக்கக் கை பலம். சிறுமிகள் ஆட்டத்தில் பந்து போடுகிற பிட்சர் நிற்பது 40 அடியில், பெரிய பெண்கள் ஆட்டத்தில் 43. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலே போதும், கையை விட்ட பந்து அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலான நேரத்தில் தாண்டிப் போய்விடும். இதுதான் நம் பந்து என்று முடிவெடுக்கவே அதில் பாதி போய்விடுகிறது. மிச்சத்தில் எண்ணூறு கிராமை எங்கே கொண்டுவருவாள்? போதாததற்கு பந்து வேறு கிரிக்கெட் பந்தைவிடக் கனம். அது 160 கிராம் சுமார், இது 180-க்கு மேல்.

கனமான பேட்டில் பட்டால் தூரம் போகுமே என்றால், பட்டால்தானே? அமெரிக்காவில் பேப் ரூத் என்று ஒரு மகா சூரர் இருந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் 40 அவுன்ஸுக்கும் மேல் கனமான பேட்டால் அடித்துத் தள்ளினார். இன்று அங்கே பேஸ்பால் ஆடும் ஆறடி ஆட்களே 31, 32 அவுன்ஸ் பேட்டைத்தான் எடுக்கிறார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் பாஹில் என்ற பேராசிரியர், ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் வெவ்வேறு எடையில் பேட் கொடுத்து, எதை எவ்வளவு வேகமாக வீசுகிறார் என்று கருவி வைத்து அளந்தார். எடை ஏற ஏற வேகம் குறைந்தது, ஆனால் குறைகிற விதம் ஆளுக்கு ஆள் வேறு. அவரவருக்கென்று ஒரு எடை இருக்கிறது என்று முடித்தார். நம் சிலம்ப வாத்தியார்கள் இதைக் கருவி இல்லாமலே செய்தவர்கள். கம்பைப் பையன் பக்கத்தில் நிறுத்துவார்கள், நெற்றி மட்டத்துக்கு வருகிற இடத்தில் வெட்டுவார்கள். பையன் வளர்ந்தால் வேறு கம்பு. வளர்கிற பையன் என்று கூரைவரை நீளமாக வெட்டிக் கொடுத்த வாத்தியாரை நீ பார்த்திருக்கிறாயா?

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளிக்கூடத்தில். சாஃப்ட்பால் சாமான் என்று ஒரு சாக்குப் பை, அதற்குள் ஒரே ஒரு பேட். அதுவும் 34 இன்ச்தான். டீமில் எல்லோருக்கும் அதே பேட், பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும். கைப்பிடியின் ரப்பர் உரிந்துபோயிருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. பேண்டேஜ் நெய்கிற சத்திரப்பட்டியில் அந்தத் துணிக்கா பஞ்சம்? ஒரு சுருளை வாங்கிவந்து கைப்பிடி முழுக்க நேர்த்தியாகச் சுற்றினேன். பார்க்க அழகாக இருந்தது, தொட மெத்தென்று இருந்தது. காயத்துக்குக் கட்டுகிற துணிக்கு வேர்வையை உறிஞ்சத் தெரியும், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு சின்னப் பெண், ஏழாம் வகுப்பு, பாப்பா உயரம்தான் இருப்பாள். மூன்று முறை வீசி மூன்றும் படவில்லை. “கை பலமே இல்லையா, சோறு திங்கிறியா இல்லையா” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். நான்காவது முறை அவள் உயிரைக் கொடுத்து வீசினாள். வேர்வையில் துணி வழுக்கியது, பேட் கையை விட்டுப் பறந்து, அடுத்து ஆடக் காத்திருந்த பெண்ணின் முழங்காலுக்குக் கீழே போய் விழுந்தது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. வீக்கம் வற்ற இரண்டு வாரம் ஆயிற்று. பேட்டை விட்ட பெண் மறுநாளிலிருந்து மைதானத்துக்கே வரவில்லை. அன்றைக்கும் நான் அவளைத்தான் திட்டினேன். அவள் கைக்கு ஆகாத பேட்டைக் கொடுத்தது நான், வழுக்குகிற துணியைச் சுற்றியது நான். சட்டப் புத்தகத்தில் கைப்பிடியில் 10 இன்ச்சிலிருந்து 15 இன்ச் வரை வழுக்காத கிரிப் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பதை அதற்கு அப்புறம்தான் தேடிப் படித்தேன். இன்று பாப்பா அரைச் சுற்று சுற்றி நின்றபோது எனக்கு அந்தப் பெண் முகம்தான் தெரிந்தது.

சரி, அளவுக்கு வருகிறேன். பாப்பாவை நிலைப்படியில் நிறுத்திப் பார்த்தேன். உயரம் 142 சென்டிமீட்டர், நாலு அடி எட்டு இன்ச். எடை 34 கிலோ. கடைக்காரர்கள் உயரத்தையும் எடையையும் வைத்து ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், அதில் இந்த உடம்புக்கு 30 என்று வரும். நான் பட்டியலோடு நிற்கவில்லை. அவளைக் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, நெஞ்சு நடுவிலிருந்து விரல் நுனி வரை டேப் பிடித்தேன். பேட்டின் கைப்பிடி அடியில் இருக்கும் குமிழை நெஞ்சு நடுவில் வைத்து, கையோடு சேர்த்துப் படுக்கவைத்தால் விரல் நுனி பேட்டின் முனையைத் தொட வேண்டும் என்பது ஒரு கணக்கு. அவளுக்கு 28 இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட வந்தது. பேட்டைக் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தொங்கவிட்ட கைக்கு எட்டுகிறதா என்று பார்க்கிற முறையும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அது குட்டையாகவே காட்டும், நான் அதை நம்புவதில்லை.

ஆக, பட்டியல் 30 என்கிறது, உடம்பு 28 என்கிறது. பிள்ளைக்கு மணிக்கட்டு மெலிசு, ஆடத் தொடங்கி இன்னும் முழுசாக ஆறு மாதம் ஆகவில்லை. அதே சமயம் வளர்கிற வயசு, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். உனக்காக ஒரு இன்ச் ஏற்றி 29. அதற்கு மேல் பேரம் கிடையாது.

எடைக்குச் சோதனை இதைவிடச் சுலபம். ஒரு கையால் கைப்பிடியின் அடியைப் பிடித்து, பேட்டைப் பக்கவாட்டில் நேராக நீட்டி, முப்பது எண்ணுகிற வரை தொங்காமல் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூட பேட்டோடு எட்டு எண்ணுவதற்குள் கை நடுங்கியது. என் மண்வெட்டிக் காம்போடு முப்பத்தைந்து வரை நின்றாள், அப்புறம் சிரிப்பு வந்து விட்டுவிட்டாள். 510 கிராம் என்றால் 18 அவுன்ஸ். உங்கள் ஊர் பால்கோவா அரைக் கிலோப் பெட்டி, அவ்வளவுதான் கனம். நீ நம்பவில்லை என்றால் ஒரு பெட்டியை விளக்குமாற்றின் நுனியில் கட்டி, மறுநுனியைப் பிடித்து நீட்டிப் பார். அரைக் கிலோ அங்கே போய் உட்கார்ந்தால் என்ன கனம் கனக்கும் என்று உன் தோளே சொல்லும். பேட் வாங்குகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். தராசில் ஒரே எடை காட்டுகிற இரண்டு பேட்டில், கனம் நுனியில் கூடி நிற்பது கைக்கு அதிகமாகத் தெரியும். அமெரிக்காவில் அப்படி வேண்டுமென்றே நுனிக்கனம் வைத்துச் செய்கிறார்கள், கை முற்றிய ஆட்டக்காரர்களுக்கு. நமக்கு வேண்டியது கனம் சமமாகப் பரவியது. “பேலன்ஸ்டு” என்று கேட்டால் கொடுப்பார்கள்.

கடையில் உன் மச்சினன் “டிராப்” என்று ஒரு வார்த்தையைக் கேட்பார். மைனஸ் போட்டு ஒரு எண் இருக்கும். இன்ச்சிலிருந்து அவுன்ஸைக் கழித்தால் வருவதுதான் அது. 29 இன்ச், 18 அவுன்ஸ் என்றால் டிராப் 11. அவர் குழம்பினாலும் நீ குழம்பக் கூடாது, மில்காரர் பிள்ளை நீ. அப்பா நாற்பதாம் நம்பர் நூல், அறுபதாம் நம்பர் நூல் என்று சொல்லும்போது, நம்பர் ஏற ஏற நூல் மெலிசு என்று நமக்கு ஐந்து வயதிலேயே தெரியும். இதுவும் அப்படித்தான், டிராப் ஏற ஏற பேட் லேசு. 11 கிடைக்காவிட்டால் 10 எடுக்கலாம், 19 அவுன்ஸ் வரும். 8-க்கு இறங்க வேண்டாம்.

அமெரிக்கக் கடையில் இன்னொரு பொறி இருக்கிறது. பேட் வரிசை வரிசையாக அடுக்கியிருப்பான், எல்லாம் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். பேஸ்பால் பேட் வேறு. அதில் பருத்த பகுதி நம் இரண்டேகால் இன்ச்சைத் தாண்டிவிடலாம், இங்கே மேட்சில் நடுவர் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். சாஃப்ட்பாலிலும் இரண்டு ஜாதி உண்டு, ஸ்லோபிட்ச், ஃபாஸ்ட்பிட்ச் என்று. முதலாவது பந்தை வளைத்து மெல்லப் போடுகிற ஆட்டம், பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுவது, அதற்கான பேட் பெரும்பாலும் 34 இன்ச்சில்தான் இருக்கும். நமக்கு வேண்டியது ஃபாஸ்ட்பிட்ச். கார்பன் நாரில் செய்த காம்போசிட் பேட்டைக் கடைக்காரன் ஆகா ஓகோ என்பான். அதை நூற்றைம்பது இருநூறு அடி அடித்துப் பழக்க வேண்டும், விலையும் யானை விலை, நம் மைதானத்தில் கிடைக்கிற கல் மாதிரிப் பந்துக்கு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குச் சந்தேகம். அலுமினியம் போதும். நெளிந்தாலும் கண்ணுக்குத் தெரியும். விமானத்தில் பேட்டைக் கையில் எடுத்துப்போக விட மாட்டார்கள், பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் அனுப்பச் சொல். 29 இன்ச் பெரிய பெட்டியில் குறுக்காக வைத்தால் அடங்கும். உன் 34-க்கு அதற்கே தனிச் சுமை கட்டியிருக்க வேண்டும்.

முடிந்தால் உன் மச்சினன் வாங்குவதற்கு முன் கடையிலிருந்து வீடியோவில் கூப்பிடட்டும், அங்கே இவள் உயரத்துப் பிள்ளை யாராவது இருந்தால் பிடித்துக் காட்டச் சொல்லலாம். உங்கள் ஊர்க்காரி ஆண்டாள் பெருமாளுக்குப் போகிற மாலையையே தன் கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். நீ அந்தக் கோபுரத்தைத் தினம் பார்த்துக்கொண்டே, தொட்டுக்கூடப் பார்க்காமல் கடல் தாண்டிச் சாமான் சொல்கிறாய்.

பேட் வருகிற வரைக்கும் அவள் பள்ளிக்கூட பேட்டில்தான் ஆட வேண்டும். குமிழிலிருந்து நாலு விரல் மேலே ஏற்றிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். தலைக்கனம் குறையும், பந்து படும். ஆனால் வீசி முடிக்கும்போது குமிழ் முன்கையில் இடிக்கும், சாயங்காலம் வந்ததும் கையில் கன்றிப்போயிருக்கிறதா என்று பாப்பா அம்மாவைப் பார்க்கச் சொல். கைப்பிடியில் கிரிப் தேய்ந்திருந்தால் கிரிக்கெட் பேட்டுக்கு மாட்டுகிற ரப்பர் கிரிப்பை டீச்சரிடம் கேட்டுவிட்டு மாட்டிக் கொடு. துணி சுற்றாதே.

இரண்டு வருஷத்தில் இந்த பேட் அவளுக்குச் சின்னதாகிவிடும். ஆகட்டும். அன்றைக்கு 31-ஓ 32-ஓ மறுபடி அளந்து வாங்குவோம், அதை அத்தை சீராக நான் வாங்கித் தருகிறேன், பென்ஷன் வருகிறது. பழையதை அந்த டீச்சரிடமே கொடுத்துவிடு. அங்கே ஆறாம் வகுப்பில் யாரோ ஒருத்தி அந்த 34-ஐத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

மாமரத்தில் இந்த வருஷம் காய்ப்பு குறைவு, இருந்த பத்துக் காயைப் பாப்பா பையில் வைத்திருக்கிறேன். சப்பட்டைக் காய் ஊறுகாய்க்கு, மற்றதைப் பழுக்க வை. எனக்குப் பால்கோவா அனுப்பாதே, டாக்டர் போன தடவையே முறைத்தார்.

கீழே இருக்கிற வரியை மட்டும் போட்டோ எடுத்து இன்றைக்கே உன் மச்சினனுக்கு அனுப்பிவிடு. நீயாக எதையும் சேர்க்காதே:

சாஃப்ட்பால், ஃபாஸ்ட்பிட்ச், அலுமினியம், 29 இன்ச், 18 அவுன்ஸ், பேலன்ஸ்டு.

உன் அன்பு
அக்கா